ஒரே கிருமி, வேறு வேறு நுரையீரல்

கோலார் தங்க வயலில் 2001ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடினார்கள். அதோடு சுரங்க மருத்துவமனையும் மூடிக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து, கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் ஊரே தவித்தபோது, தொண்டர்கள் புகுந்து கூட்டிக் கழுவி அதை மறுபடி திறந்தார்கள்.

கொரோனா வார்டில் இருக்கும் எல்லாரையும் பிடித்தது ஒரே கிருமிதான். ஆனால் ஒருவர் சில நாளில் எழுந்து வீட்டுக்குப் போகிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆக்சிஜன் வைத்தும் மூச்சு வாங்குகிறது. ஏன் தம்பி தங்கைகளே?

கிருமி ஒன்றுதான்; அது புகும் உடல்தான் ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் ஒருவரைச் சேர்க்கும்போதே மருத்துவர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். முதலில் வயது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். உங்களைப் போன்ற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு லேசாக வந்து போனதும் தாத்தா பாட்டிகளை வாட்டியதும் அதனால்தான். அடுத்து சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகக் கோளாறு, அதிக உடல் எடை. ‘ஏற்கெனவே நெஞ்சில் சளி, இளைப்பு உண்டா?’ என்றும் கேட்பார். தங்க வயலில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு.

இங்கே தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறைக்குள். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, அதைத் துளைத்து உடைத்தன. பறந்த தூளில் சிலிக்கா இருந்தது. நம் நுரையீரலின் உள்ளே திராட்சைக் கொத்துகளைப் போலக் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இருக்கின்றன. அங்கே தூசி புகுந்தால் காவல் அணுக்கள் விழுங்கிவிடும். சிலிக்காவை விழுங்கிய காவல் அணுவோ அதைச் செரிக்க முடியாமல் தானே செத்துப்போகும். அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். 1940களிலேயே இங்கே மருத்துவர்கள் சோதித்த தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இது இருந்தது!

இறுகிய நுரையீரல் சாதாரண நாளிலேயே சிரமப்பட்டுத்தான் மூச்சு விடுகிறது. அதில் கொரோனாவும் புகுந்து, மிச்சமிருக்கும் காற்றுப்பைகளில் நீர் கோத்தால், இரத்தத்துக்கு ஆக்சிஜன் எங்கிருந்து கிடைக்கும்?

சிலருக்கு ஆக்சிஜன் குறைந்தும் மூச்சுத்திணறல் தெரியாது. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். விரலில் மாட்டும் சிறு கருவிதான் உண்மையைச் சொல்லும்: ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் விழித்துக்கொள்வார். நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்வார். முதுகுப் பக்கத்தில் அமுங்கிக் கிடக்கும் காற்றுப்பைகள் அப்போது விரிந்து, மூச்சுக்குக் கைகொடுக்கும்.