தர்மம் எந்த வரியில்?

மதுரையில் ஆடிட்டராக இருந்து, கணக்கு பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு நிறுவனத்தின் பக்தியை அதன் பூஜை அறையில் தேடும் பழக்கம் எனக்கு இல்லை. லாப நட்டக் கணக்கில் தேடுவேன். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் அகப்படும். சம்பளம், வாடகை, வட்டி, வரி எல்லாம் போய் மிச்சம் நின்றால் கோயிலுக்கு ஒரு தொகை, அன்னதானத்துக்கு ஒரு தொகை. நட்டம் வந்த வருஷம் அந்த வரியே இருக்காது. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் யோசிக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்த லாபம் எப்படி வந்தது என்று அந்த விதி கேட்பதில்லை.

விருதுநகர்ப் பக்கத்துப் பழைய வியாபாரிகள் வேறு மாதிரி வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவிடுவார்கள். லாபமா நட்டமா என்ற பேச்சே கிடையாது. சரக்கு நகர்ந்தால் மகமை உண்டு. அந்தப் பணத்தில் கோயில் திருவிழாவும் நடந்தது, பள்ளிக்கூடமும் நடந்தது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு நாடார் உறவின்முறையின் மகமைதான் ஆதாரம். ஒரு சமூகத்தின் பணம் அந்தச் சமூகத்துக்கே போனது என்று குறை சொல்லலாம்தான். ஆனாலும் தர்மத்தை லாபத்துக்குப் பின்னால் நிற்க வைக்காமல் பில்லிலேயே ஏற்றிவிட்ட அந்த யோசனை எனக்குப் பிடிக்கும்.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், தொழிலின் வரைபடத்துக்குள்ளேயே வைத்துக் கட்டியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. வடமலாபுரம் கிராமத்தில் 1918இல் பிறந்தவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது வந்த முடக்குவாதம் கைவிரல்களை முறுக்கிப் போட்டுவிட்டது. மகப்பேறு மருத்துவராகும் ஆசை அதோடு போயிற்று. கண் மருத்துவத்துக்கு வந்து, அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். புதுச்சேரி ஆசிரமத்தோடு நெருங்கியவர். ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் வழிகாட்டிகளாகக் கொண்டவர். உலகத்தை விட்டு ஒதுங்குவது அரவிந்தர் சொன்ன யோகம் அன்று. செய்கிற வேலையே சாதனை, அதையும் அரைகுறையாகச் செய்யக்கூடாது.

அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடமானத்துக்குப் போனது, நகைகளும் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே உள்ளே இறங்கியது. அப்போது என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தால், 'வேண்டாங்கய்யா, பென்ஷனை வைத்து நிம்மதியா இருங்க' என்றுதான் சொல்லியிருப்பேன். பணம் இல்லாதவருக்கும் இங்கே கண் கிடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த முதல் விதி. நன்கொடையை நம்பி அன்றாடச் செலவை ஓட்டக்கூடாது என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எந்தக் கணக்கனுக்கும் வியர்க்கும்.

வழி எப்படிக் கிடைத்தது? ஆன்மிகவாதி என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் தாண்டிப் போய்விடுகிற ஒரு விஷயம் இங்கே உண்டு. அமெரிக்கா போனபோது அவர் வியந்து பார்த்தவற்றில் ஒன்று மெக்டொனால்ட்ஸ் கடை! எந்த ஊரில் போய்ச் சாப்பிட்டாலும் ஒரே ருசி, ஒரே அளவு. பெரிய சமையல்காரர் யாரும் தேவைப்படாத முறை. கண்புரை அறுவையை ஏன் அப்படி ஒழுங்குபடுத்தக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போட்டார்கள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடித்ததும் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்பும். கிராமத்துப் பெண்களைப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் சேர்த்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பது, நோயாளியைத் தயார் செய்வது, அரங்கில் உதவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவர் தன்னால் மட்டுமே ஆகிற வேலையைச் செய்தால் போதும். இப்படிச் செய்யும்போது ஓர் அறுவைக்கு ஆகும் செலவு தரையைத் தொட்டது. காசு கொடுப்பவர் தருகிற கட்டணத்திலேயே கொடுக்க முடியாதவருக்கும் சேர்த்துச் செய்ய இடம் பிறந்தது. இன்று வரை அங்கே நடக்கும் அறுவைகளில் பாதிக்கு மேல் இலவசம், அல்லது மிகக் குறைந்த கட்டணம்.

என் தொழில்புத்திக்கு இடித்த விஷயம் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்த என் அத்தை இலவசப் பகுதியில் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். "வருமானச் சான்று கேட்டாங்களா அத்தை?" என்றேன். "யாரும் ஒண்ணும் கேக்கலப்பா. எந்த வாசல்ல போறதுன்னு நாமதான் முடிவு பண்ணணுமாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசதியுள்ளவன் எல்லாம் இந்த வாசலில் நுழைந்தால்? கணக்கில் இது ஓட்டை இல்லையா?

அவர்கள் அந்த ஓட்டையைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். கட்டணப் பகுதியில் கட்டில் உண்டு, குளிர்சாதன அறை உண்டு, விலை கூடிய லென்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். இலவசப் பகுதியில் நெடுங்காலம் கூடத்தில் பாய்தான். ஆனால் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்வார்கள். வசதியில் வித்தியாசம், கத்தியில் இல்லை. வசதி வேண்டியவர் தானாகவே அந்த வாசலுக்குப் போய்விடுகிறார். சான்றிதழ் பார்க்க ஆள் போட்டால் அதற்கும் சம்பளம் தர வேண்டும், வருகிற ஏழையையும் கூனிக்குறுக வைக்க வேண்டும். மனிதனை நம்புவது என்ற பெரிய விஷயத்தை இரண்டு வாசலாக மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

கண் முகாம்களில் அவர்கள் கற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய் இலவசமாகப் பார்த்து, 'மதுரைக்கு வாருங்கள், இலவசமாக அறுவை செய்கிறோம்' என்றாலும் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி, இவையெல்லாம் இலவசத்துக்குள் மறைந்திருந்த விலை. அதனால் முகாம் முடிந்ததும் நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து, சோறு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவிடுவது வழக்கமானது. கருணைக்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. அதைப் போடாதவரைக்கும் அது போஸ்டரோடு நின்றுவிடும். முகாம் செலவுக்கு உள்ளூர் சங்கங்களும் வியாபாரிகளும் கைகொடுப்பதையும், அரசு மானியம் வருவதையும் சொல்லாமல் விட்டால் நான் ஆடிட்டர் இல்லை.

பிறகு லென்ஸ் விஷயம் வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் இருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்த காலம். அந்த விலைக்கு ஏழைக்கு வைக்க முடியாது. வைக்காமல் விட்டால் தடித்த கண்ணாடிதான். 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு வந்து, பின்னர் அதற்கும் வெகு கீழே போயிற்று. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இதைவிட எனக்கு வியப்பு, தங்கள் முறையை அவர்கள் பூட்டி வைக்காததுதான். பிற கண் மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒரு நிறுவனம் நடத்துகிறார்கள். போட்டியாளரைக் கூப்பிட்டுத் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தரும் திட்டத்தை எந்த வங்கி மேலாளரிடமும் என்னால் நியாயப்படுத்த முடியாது. பார்வையின்மை குறைய வேண்டும் என்பதே இலக்கு என்றால், அதுவும் வளர்ச்சிக் கணக்கில்தான் சேரும்.

எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்துமா? கண்புரைக்குப் பொருந்திய மாதிரி பொருந்தாது. ஒரே அறுவை, ஏராளமான நோயாளிகள், குறுகிய நேரம், உடனே தெரியும் பலன். இந்தச் சாதகம் எல்லோருக்கும் வாய்க்காது. இன்னொரு ஆபத்தையும் என் தொழிலில் பார்த்திருக்கிறேன். 'இது சேவை' என்று சொல்லி ஊழியரின் ஓவர்டைமை விழுங்கிவிடுகிற முதலாளிகள் உண்டு. தியாகம் முதலாளி வீட்டில் இருந்து தொடங்காத இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் நான் சம்பளப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பேன்.

என் கட்சிக்காரர் ஒருவர், பலகாரக் கடைகள் நடத்துகிறவர், நிறுவனத்துக்கு 'கொள்கை' எழுத வேண்டும் என்று வந்தார். தியான அறை கட்டியாகிவிட்டது. சுவரில் எழுத வாசகம் வேண்டுமாம். நான் கடன்காரர் பட்டியலைப் பிரித்தேன்.

"அட்டைப்பெட்டி செய்து தர்றவருக்கு எத்தனை நாள்ல பணம் கொடுக்கறீங்கண்ணே?"

"தொண்ணூறு... சில சமயம் நூத்திருவது ஆகும் சார். எல்லாரும் அப்படித்தானே?"

சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது, இப்போது தாமதமானால் வருமான வரியிலும் கை வைக்கிறார்கள் என்றேன். அது அவருக்குப் புரிந்தது. நான் நிறுத்தவில்லை. பணம் வரும்வரை அந்தப் பெட்டிக்காரர் கட்டுகிற கந்துவட்டி நம் கடை லாபத்தில் ஒரு பங்கு, அது எந்த வரியிலும் தெரியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது முப்பது நாளில் கொடுக்கிறார். வங்கிக் கடன் சற்றே கூடியிருக்கிறது, வட்டியும்தான். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறார். பேக்கிங் பிரிவின் மின்சாரச் செலவில் இருந்து தொடங்கியிருக்கிறோம்.