ஈரநெல்லின் கணக்கு

மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விதைக்கப்படும் காலபோக நெல், தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. மூன்றரை மாத இனங்கள் ஏறத்தாழ 105 நாட்களில் விளைகின்றன. ஆனால் நாட்கணக்கை மட்டும் நம்பி அறுவடையில் இறங்க முடியாது. 2024 நவம்பர் பிற்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் பெய்த பெருமழையில் இளம்பயிர்கள் நீரில் மூழ்கின. இவ்வாறான போகங்களில் மேட்டு வயல் முந்தியும், மறுபடி விதைத்த பள்ள வயல் பிந்தியும் முற்றும். அயல் வயலுக்கு இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காக நாமும் பச்சைக் கதிரை வெட்டக்கூடாது. மணிகளில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை வைக்கோல் நிறம் அடைந்ததா என ஒவ்வொரு வயலிலும் பார்க்க வேண்டும்.

வெட்டிய நெல்லில் நூற்றுக்கு 20க்கு மேலும் ஈரம் இருக்கும். நெற் சந்தைப்படுத்தும் சபை கேட்பதோ 14 வீதம். சொந்தக் காணியை விட்டு வந்து குத்தகை வயல் செய்யும் குடும்பத்துக்குக் காயவைக்கக் களமில்லை, கடன்காரரும் காத்திருக்கிறார். வரம்பிலேயே லொறியுடன் நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்கு நெல் போய்விடுகிறது.

விற்குமுன் ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 வீத ஈரமுள்ள 1000 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 930 கிலோ மிஞ்சும். போவது 70 கிலோ நீர் மட்டுமே. 2025 பெப்ரவரியில் அரசு காய்ந்த நாட்டரிசி நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அவ்விலைப்படி 930 கிலோவுக்கு 1,11,600 ரூபா கிடைக்கும். ஆகவே ஈரநெல்லின் நியாயமான பெறுமதி கிலோவுக்கு 111 ரூபா அளவில் இருந்தது. காயவைக்கும் கூலியையும் ஏற்றுகூலியையும் அதிலிருந்து கழிக்கலாம். அதற்கும் கீழே கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாவும் 1000 கிலோவுக்கு 1000 ரூபா நட்டம். விலை மாறினாலும் கணக்கு மாறாது: காய்ந்த நெல்லின் விலையை 93ஆல் பெருக்கி 100ஆல் பிரித்துப் பாருங்கள்.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து படங்குகள் வாங்கினால் முறை வைத்துக் காயவைக்கலாம். இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிப்பாகப் பரப்பாமல் அடிக்கடி கிளறிவிட வேண்டும். கடனுக்காக ஒரு பகுதியை ஈரமாக விற்க நேர்ந்தாலும் மிகுதியைக் காயவைத்து விற்கலாம்.

விதைநெல்லை மட்டும் எந்த விலைக்கும் கொடுத்துவிட வேண்டாம். கலப்பில்லாத, நன்கு முற்றிய பகுதியிலிருந்து அதை முதலிலேயே பிரித்தெடுத்து, 12 அல்லது 13 வீத ஈரத்துக்குக் காயவைத்து, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். வருகிற ஐப்பசியில் விதைக்கக் கடன்பட வேண்டியிராது.