திரையில் ஆடும் சுருள்வில்

ஒரு சுருள்வில்லை ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டுமோ அதுவே அதன் விறைப்பு மாறிலி. விசை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி எழுதினார். வகுப்பறை சிமுலேஷனை எழுதுபவர் இந்த மாறிலிக்கு எந்த எண்ணையும் தரலாம். கணினி மறுக்காது, கம்பி மறுக்கும்.

100 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். மாறிலி 10 என்றால் வில் சுமார் 10 செ.மீ. நீளும், ஓர் அலைவுக்கு 0.63 நொடி. கண்ணால் எண்ணலாம், அளவுகோலால் அளக்கலாம். மாறிலி 1000 என்றால் நீட்சி ஒரு மில்லிமீட்டர்தான். நொடிக்கு 16 அலைவுகள். நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் அது வெறும் நடுக்கம்.

உண்மையான வில்லில் கம்பியின் தடிமனை மட்டும் இருமடங்காக்கினால் விறைப்பு 16 மடங்காகிறது. சுருளின் விட்டத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. வில்லைப் பாதியாக வெட்டினால் இரட்டிக்கிறது! கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் சுருள்வில் சிமுலேஷனில், விறைப்பைக் கூட்டினால் கம்பியும் தடித்துத் தெரியும். அருமையான ஏற்பாடு இது. எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் படத்தை அப்படியே விட்டால், விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பதே மாணவருக்குத் தெரியாமல் போகும்.

பெரிய ஆபத்து கணக்கில் இருக்கிறது. கணினி காலத்தைத் துண்டு துண்டாகத்தான் நகர்த்தும். ஒவ்வொரு துண்டிலும் பழைய வேகத்தைக் கொண்டு புதிய இடத்தையும், பழைய இடத்தைக் கொண்டு புதிய வேகத்தையும் கணக்கிடுவது ஆய்லரின் எளிய முறை. துண்டு 1/60 நொடி என்றால், மேலே சொன்ன அதே மென்மையான வில்லின் வீச்சு ஒரே நொடியில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். யாரும் தராத ஆற்றல் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. ஆற்றல் அழியாது என்று கற்பிக்கும் பாடத்தில் இதைவிடக் கேடு இல்லை. தீர்வோ மிக எளிது: வேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய வேகத்தாலேயே இடத்தை நகர்த்த வேண்டும். வீச்சு கட்டுக்குள் நிற்கும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 100 கிராமுக்கு மாறிலி 1440ஐத் தாண்டினால் இந்த முறையும் சிதறும். விறைப்பு கூடக்கூடக் காலத்துண்டு சிறுத்தாக வேண்டும்.

பாடநூல்கள் வில்லுக்கு நிறையே இல்லை என்று கொள்கின்றன. உண்மையில் வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கல்லோடு சேர்ந்து ஆடுகிறது. வில் 30 கிராம் என்றால் அலைவுநேரம் 110 கிராமுக்கு உரியது, சுமார் 5% அதிகம். இருபது அலைவுகளை எண்ணினால் ஆய்வகத்து ஸ்டாப்வாட்ச்சே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். சிமுலேஷனில் வில்லின் நிறையைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு பொத்தான் இருந்தால், திரையின் விடையையும் மேசையின் விடையையும் மாணவர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.