நெபுலாவின் நிறம் நிஜமா?

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை பிரசித்தம். அந்தக் கார்த்திகை நட்சத்திரங்களைச் சுற்றி நீல நிற நெபுலா, அதாவது தூசி மேகம், இருக்கிறது. சற்றுத் தள்ளியுள்ள ஓரியன் நெபுலாவோ சிவப்பு. இவை கம்ப்யூட்டரில் பூசிய நிறங்களா? இல்லை. நீலம், தூசியில் பட்டுச் சிதறும் நட்சத்திர ஒளி. சிவப்பு, புற ஊதாக் கதிர் பட்ட ஹைட்ரஜன் வாயு உமிழும் 656 நானோமீட்டர் ஒளி. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

டிசம்பர் இரவில், ஊர் விளக்குகளை விட்டு விலகி, டிரைபாடில் கேமராவைப் பொருத்துங்கள். 50 எம்.எம். லென்ஸில், 5 விநாடி எக்ஸ்போஷரில் ஓரியனை 100 படங்கள் எடுங்கள். டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச புரோகிராம் அவற்றை ஒன்றாக அடுக்கும். படத்திலுள்ள புள்ளி இரைச்சல் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும். கார்த்திகையின் நீலத்துக்கு இன்னும் நிறையப் படங்கள் வேண்டும். கடைசியாக, சாச்சுரேஷனை அளவோடு கூட்டுங்கள். மிஞ்சினால் அதுதான் பூசிய நிறம்.