நாற்காலி போட்டால் மட்டும் போதுமா?

தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு, நடுவில் கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44-வது பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவருக்கும் நகைக்கடையில் தட்டை எடுத்து வைக்கிறவருக்கும் தமிழ்நாட்டில் அதே உரிமை சட்டத்தில் ஏறியது 2021-ல்தான். இடையில் 73 ஆண்டுகள். மெஷின் முன்னால் நிற்கிற கால் வலிக்கும், கவுன்ட்டர் பின்னால் நிற்கிற கால் வலிக்காது என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ!

அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். இன்று பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் மடிக்காத துணியும் இருக்கிறது.

சட்டம் வந்த பிறகும் ஊழியர் ஏன் நின்றுகொண்டே இருக்கிறார்? வேலையை மனித உடலுக்கும் மனதுக்கும் ஏற்றபடி அமைப்பது எப்படி என்று ஆராயும் பணிச்சூழலியல் துறை கேட்கும் கேள்வி இதுதான்.

கால் ஏன் கனக்கிறது

காலுக்கு வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்ப, புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். கெண்டைக்கால் தசைதான் அதற்கு மோட்டார். நடக்கும்போது அந்தத் தசை சுருங்கிச் சுருங்கி, சிரை எனப்படும் ரத்தக்குழாய்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்கிவிடாதபடி குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பகுதிச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். நடக்கத் தொடங்கிச் சில அடிகளிலேயே அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆக, நடப்பதை விட நிற்பதுதான் காலுக்குக் கடினம்.

வருடக்கணக்கில் இந்த அழுத்தம் தொடர்ந்தால் வால்வுகள் தளர்கின்றன, சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்கின்றன. ஊரில் ‘நரம்பு சுருட்டல்’ என்கிற வெரிகோஸ் வெயின் இப்படித்தான் தலைகாட்டுகிறது. பரம்பரை, உடல் எடை, கர்ப்பம் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. நின்றுகொண்டே பார்க்கும் வேலை அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இடுப்பு வலி, குதிகால் வலி, சாயங்காலம் செருப்பு இறுகுகிற அளவுக்குப் பாத வீக்கம் எல்லாம் உடன் வருபவை.

கால் மட்டும்தான் பாதிக்கப்படுகிறது என்றும் சொல்ல முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் நின்று வேலை செய்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அது கண்டது. உட்கார்ந்தே இருந்தால் இதயம் கெடும் என்ற எச்சரிக்கையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

விமானிமேல் விழுந்த பழி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தட்டிக் கிடந்தன. இறக்கை மடலை மடக்க வேண்டிய விமானி, சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானியின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடுவது வழக்கமாக இருந்தது.

அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியை விட்டுவிட்டு அவர் உட்காரும் அறையைப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவக் குமிழையும் மற்றதில் மடல் வடிவக் குமிழையும் பொருத்தச் சொன்னார். தடவிப் பார்த்தாலே எது எது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. தவறும் நின்றது. இன்றும் விமானங்களில் சக்கர விசையின் முனை சக்கரம்போலத்தான் இருக்கிறது.

ஆளைத் திட்டுவதற்கு முன்னால் வேலை அமைந்திருக்கும் விதத்தைப் பார் என்பது அங்கே கிடைத்த பாடம். ஜவுளிக்கடைக்கும் அது அப்படியே பொருந்தும். ‘ஸ்டூல் போட்டாச்சு, அவங்கதான் உட்கார மாட்டேங்கிறாங்க’ என்கிற கடைக்காரரின் பேச்சும் அந்தப் பழைய கோப்பில் எழுதியதும் ஒரே ரகம்.

கவுன்ட்டரைப் பாருங்கள்

பணிச்சூழலியல் ஆய்வாளர் ஒருவர் கடைக்குள் வந்தால் முதலில் ஊழியர்களிடம் கேட்பார். 1987-ல் வெளியான நார்டிக் வினாத்தாள் உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. உடலைக் கழுத்து முதல் கணுக்கால் வரை ஒன்பது பகுதிகளாகப் பிரித்த படத்தைக் காட்டி, கடந்த 12 மாதங்களில் எங்கே தொந்தரவு, கடந்த 7 நாட்களில் எங்கே என்று குறிப்பார்கள். அடுத்தது உடல் நிற்கும் கோணம். கை எவ்வளவு உயர்கிறது, கழுத்து எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடும் ‘ரூலா’ முறை 1993-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவானது. அதை ஜவுளிக்கடையில் போட்டுப் பார்த்தால், தலைக்கு மேலிருக்கும் அடுக்கிலிருந்து புடவை எடுக்கிற ஒவ்வொரு முறையும் மதிப்பெண் எகிறும். இந்தக் கணக்கில் மதிப்பெண் கூடினால் ஆபத்து.

பிறகு கவுன்ட்டர். நம் கடைகளில் பெரும்பாலும் அது தரை வரை மூடிய கண்ணாடிப் பெட்டி. முழங்காலை நுழைக்க இடம் கிடையாது. சாதாரண ஸ்டூலில் உட்கார்ந்தால் ஊழியரின் முகம் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும், வாடிக்கையாளர் வந்ததே தெரியாது. உட்கார்ந்தால் வேலை நடக்காது, எனவே யாரும் உட்கார்வதில்லை. தவறு ஸ்டூலில் இல்லை, கவுன்ட்டரில் இருக்கிறது. நிற்கும் உயரத்துக்கு அருகிலேயே பாதி உட்கார்ந்த நிலையில் சாய்ந்துகொள்ள உதவும் உயரமான ஸ்டூல், கால் ஊன்ற ஒரு கம்பி, கிரானைட் தரைமேல் தடித்த ரப்பர் விரிப்பு, அதிகம் விற்கும் சரக்கை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே அடுக்குவது, இவ்வளவும் செய்யப் பெரிய முதலீடு தேவையில்லை.

பணம் போட்டாலும் தீராதது ஒன்று உண்டு. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்ற பயம். கேமரா பார்க்கிறது என்ற நினைப்பு. விற்பனை இலக்கு. பணிச்சூழலியல் இவற்றையும் வேலையின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் முன் உட்கார்வது மரியாதைக் குறைவு என்கிற வாதம் நம் ஊரில் எடுபடக்கூடாது. காஞ்சிபுரத்துப் பழைய பட்டுக்கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்துதான் பேரம் பேசினார்கள். முகூர்த்தப் புடவை விற்க அது தடையாக இருந்ததில்லை.

லண்டனும் மிட்டாய்த் தெருவும்

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. பிரிட்டனில் 1899-லேயே கடைப் பெண்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றது அது. சிலி நாடு 1914-ல் தனியாக ஒரு ‘நாற்காலிச் சட்டம்’ போட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கல்லாவில் நிற்பவர்களுக்கு இருக்கை உண்டா என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-ல் தீர்ப்பு வந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையா என்பதை அந்தந்த இடத்து வேலையின் தன்மையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், முதலாளியின் விருப்பம் மட்டுமே போதாது என்றது நீதிமன்றம்.

நமக்குப் பக்கத்தில் வழி காட்டியவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியை அல்ல, கழிவறையை. போக இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழித்து, சிறுநீர்த் தொற்றால் அவதிப்பட்டவர்கள் அவர்கள். உட்காரும் உரிமைக்கான போராட்டம் அங்கிருந்து வளர்ந்தது. 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அடுத்து வந்தது.

உட்கார்ந்தே இருந்தாலும் வம்புதான்

திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் முதுகு வளைத்து நாள் முழுக்க உட்காருகிறவருக்குக் கழுத்தும் இடுப்பும் வலிக்கின்றன. அதே கம்பெனியில் அயர்ன் செய்கிறவருக்குக் கால். உடம்புக்கு ஆகாதது மாறாத நிலை, அது எந்த நிலையானாலும். நிற்பது, உட்கார்வது, நாலடி நடப்பது என்று மாறி மாறி வர வேண்டும்.

கடையில் நிற்கிறவர்கள் தாங்களாகவே செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. ஆள் இல்லாதபோது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் மோட்டார் ஓடும். ஒரு காலைச் சிறு பலகைமேல் மாற்றி மாற்றி வைக்கலாம். இரவில் கால்களை இதய மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுக்கலாம். இறுக்கமான மருத்துவக் காலுறையை மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால் அது கெடுதலாகிவிடும்.

சாயங்கால வீக்கம் காலையிலும் வடியாமல் இருந்தால், கணுக்கால் ஓரத் தோல் கறுத்து அரித்தால், ஆறாத புண் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றைக்கே போக வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

கடையில் இருக்கை இல்லை, அல்லது இருந்தும் உட்கார விடுவதில்லை என்றால், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.