மெழுகுவர்த்தியை அழகுபடுத்துவோம்



ஆண்டுதோறும் மே மாதம் 16ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகின்றோம். 1956ஆம் ஆண்டில் அதே நாளில்தான் ரசாக் கல்வி அறிக்கை ஏற்கப்பட்டது. அந்நாள் நெருங்கும்பொழுது, "என்ன வாங்கிக் கொடுப்பது?" என்னும் கவலை நம் தோட்டத்து வீடுகளில் எழுவதை நாம் அறிவோம். பரிசு வாங்க இயலாமையால் பள்ளிக்கு வரவே கூசும் பிள்ளைகளும் உளர். அவர்களை எண்ணியே இதனை எழுதுகின்றோம். பருமனான வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றும், மலைச்சரிவில் பறித்த பெரணி இலை ஒன்றும் இருந்தால் போதும். பேனாக்கள் ஆசிரியர்களிடம் ஏராளமாக உள்ளன!

மெழுகுவர்த்தியை அற்பப் பொருளென எண்ணுதல் வேண்டா. மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானி, 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, இலண்டனில் சிறுவர்களுக்காக இந்த ஒரு பொருளைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். அவர் கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். மெழுகுவர்த்தியில் எரிவது திரி மட்டுமன்று. உருகிய மெழுகு திரியின் வழியே மேலேறி ஆவியாகின்றது. அவ்வாவியே சுடராக எரிகின்றது. ஆதலால் மினுமினுப்புத் தூள் உருகிய மெழுகில் விழுந்தால் திரி அடைபடும். காகிதமோ காய்ந்த இலையோ சுடரை நெருங்கினால் அதுவே மற்றொரு திரியாகித் தீப்பற்றும். எனவே அலங்காரம் வெளிப்புறத்தில், அடிப்பகுதியில் மட்டுமே அமைதல் வேண்டும்.

இலையைப் பழைய புத்தகத்தினுள் வைத்து, மேலே கல்லேற்றி, ஒரு வாரம் உலர்த்துக. பின்னர் அதனை மெழுகுவர்த்தியின்மேல் பொருத்தி, வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்துக. மெழுகு இளகி இலையைப் பற்றிக்கொள்ளும். அதன்மீது உருகிய மெழுகைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசினால், இலை கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தோன்றும். தேயிலைக் கொழுந்தையும் இவ்வாறே பதிக்கலாம். நம் ஊர்ப் பரிசுக்கு அதுவே பொருத்தம் என்போம்.

மெழுகை உருக்கும் வேலையைப் பெற்றோரே செய்தல் வேண்டும். துண்டு மெழுகைப் பால் டின்னில் இட்டு, அந்த டின்னை நீருள்ள சட்டியில் நிறுத்திச் சூடாக்குக. டின்னை நேரே அடுப்பில் வைத்தால் மெழுகு அளவுமீறிச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நீரில் வைத்தால் நீரின் கொதிநிலையை மிஞ்சாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள பிரிஞ்சாங்கில் நீர் சுமார் 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். மெழுகு உருக அதுவே தாராளம். சட்டியில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்க. தப்பித்தவறி மெழுகு தீப்பற்றினால், நீர் ஊற்றுதல் கூடவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுக.

நாடா கட்டியிருந்தால், ஏற்றுமுன் அவிழ்த்துவிட வேண்டும். சுடர் இலைக்கு இரண்டு விரற்கடை மேலே வந்ததும் அணைத்துவிட வேண்டும். இவ்விரண்டையும் சிறு தாளில் எழுதிப் பரிசுடன் கொடுங்கள்.