வலிக்காத கட்டி

நம்முடன் ஆசிரியப் பணி புரியும் நண்பர் ஒருவருக்குத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றிற்று. வலியும் இல்லை, ஜுரமும் இல்லை. "வலிக்காத கட்டியால் என்ன வந்துவிடப் போகிறது? ஆண்டுப் பரீட்சை முடியட்டும்" என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். நாமும் ஆமோதித்தோம். படித்தவர் இருவர் சேர்ந்து செய்த பிழை அது.

குழந்தைகளின் கழுத்தில் காணும் கட்டிகள் பெரும்பாலும் தொண்டைப்புண் முதலியவற்றால் நெறிகட்டியவை, தாமே அடங்கிவிடும். க்ஷயரோகத்தாலும் கட்டி உண்டாவதுண்டு. ஆனால் நாற்பது வயதைக் கடந்தவருக்கு இரண்டு வாரமாகியும் கரையாத கட்டி, வாயிலோ தொண்டையிலோ ஒளிந்திருக்கும் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம்.

விரலால் தொட்டு அறியக்கூடியது சிறிதே. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். மெல்லிய தசைகளின் நிழல்களோ ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். இக்குறையைத் தீர்த்தவர், நாய்ப் படம் போட்ட கிராமபோன் தட்டுக்களால் பெயர்பெற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினியர் ஹவுன்ஸ்ஃபீல்டு. அவருடைய சி.டி. ஸ்கேன் யந்திரம் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் விம்பிள்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. 1979-இல் அவரும் கார்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கிரணங்கள் உடலைச் சுற்றிச் சுற்றிப் பாய, கம்ப்யூட்டர் கணக்கிட்டு, வாழைத்தண்டைச் சீவினாற்போல் வில்லை வில்லையாகப் படம் தருகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்குச் சுமார் −100. ஆகவே கட்டி நீர்ப்பையா, கொழுப்பா, தசையா என்பது புலனாகும். அயோடின் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தினால், கட்டி இரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறதா என்பதும் தெரியும். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு அம்மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கும் தைராய்டு கட்டிக்கும் கிரணமற்ற அல்ட்ராசவுண்டு பரிசோதனையே முதலில் ஏற்றது.

எனினும் ஸ்கேன் காட்டுவது இடத்தையும் பரவலையுமே, தீர்ப்பு அன்று. நீர்ப்பைபோல் தோன்றுவதும் சில சமயம் புற்றுநோயாக இருப்பதுண்டு. மெல்லிய ஊசியால் உயிரணுக்களை எடுத்துச் சோதித்த பின்னரே முடிவு கூறலாம். அதற்கு முன் கட்டியைக் கீறிவிடலாகாது.

பரீட்சை முடிந்தே நண்பர் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். ஸ்கேன் படத்தில் கட்டியோடு நாவின் அடியில் அதன் மூலமும் தெரிந்தது; ஊசி அதை உறுதி செய்தது. சிகிச்சையால் பிழைத்தார். ஆனால் கிரண சிகிச்சை வாயை உலரச் செய்துவிட்டது. ஒரு பாடம் முடிவதற்குள் பலமுறை தண்ணீர் குடிக்கிறார். அந்தச் செம்பைக் காணும்போதெல்லாம், நாம் தலையாட்டிய அந்த நாள் நம் நினைவுக்கு வருகிறது.

நேயர்களே, கண்ணாடியின் முன் நிற்கும்போது கழுத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால், வலி வரட்டும் என்று காத்திராதீர்கள்.